மாவு பறந்தால் செயின்சாவை நிறுத்துங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறப் பட்டணங்களில் மரம் சாய்க்கும் வேலை இன்று இரண்டு விதமாகப் பிரிந்துவிட்டது. பெரிய தோட்டத்தில் மறுநடவு என்றால் எக்ஸ்கவேட்டர் வந்து மரத்தை வேரோடு தள்ளிவிடும். செயின்சாவுக்கு அங்கே துண்டு போடும் வேலை மட்டும்தான். ஆனால் இரண்டு மூன்று ஏக்கர் பால்மரம் (ரப்பர் மரம்) வைத்திருப்பவர்களின் நிலம், வீட்டோரத்து டுரியான், கோயில் பக்கத்துத் தூங்குமூஞ்சி மரம், சாலையோர அங்சானா எல்லாம் இன்னும் இரண்டு மூன்று ஆள், ஒரு செயின்சா, ஒரு லோரி என்றுதான் நடக்கின்றன. இந்தக் கட்டுரை அவர்களுக்காக.

பட்டறைக்கு வரும் செயின்சாக்களின் புகார்கள் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி இருக்கும். "பவர் இல்லை", "புகையுது", "பார் கருகிப்போச்சு", "கோணலா வெட்டுது". (பார் என்பது செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு.) இன்ஜினைத் திறப்பதற்கு முன்னால் செயினைப் பாருங்கள். இந்த நாலு புகாருக்கும் பெரும்பாலும் அங்கேதான் பதில் இருக்கிறது.

கூரான செயின் மரத்தைச் சீவும். காலடியில் விழுவது கனமான, நீளமான சீவலாக இருக்கும். மழுங்கிய செயின் மரத்தைத் தேய்க்கும், விழுவது மாவு. அந்த மாவு என்னவெல்லாம் செய்கிறது என்று பாருங்கள். முதலில் காற்று வடிகட்டியை அடைக்கிறது. காற்று குறைந்ததும் பெட்ரோல் பங்கு கூடிப் புகை வருகிறது, இழுவை போகிறது. அதே மாவு செயின் எண்ணெயோடு குழைந்து பாரின் எண்ணெய்த் துளையில் அப்பிக்கொள்கிறது. எண்ணெய் வராத பார் சூடேறி நீலம் பாய்கிறது. வெட்டு இறங்கவில்லையே என்று ஆள் உடம்பைக் கொடுத்து அமுக்குகிறார். இன்ஜின் சுமை தாங்காமல் கொதிக்கிறது, பிஸ்டன் சிலிண்டரோடு உரசிக் கோடு விழுகிறது. வெட்டு திடீரென்று முடியும்போது அமுக்கிய வேகத்தில் செயின்சா காலை நோக்கி இறங்குகிறது. இதற்கெல்லாம் மருந்து ஒரு வட்ட அரம்.

பால்வெட்டுக் கத்தியைத் தீட்டாமல் நிரைக்குள் இறங்குபவர் யாரும் இல்லை. செயின்சாவுக்கு மட்டும் அந்த மரியாதை ஏன் கிடைப்பதில்லை என்பது உண்மையிலேயே வருத்தமான விஷயம். பெட்ரோல் டாங்கி காலியாகும் ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடம் அரத்துக்குக் கொடுங்கள். பல்லுக்கு இரண்டு மூன்று இழுப்புப் போதும். நாள் முழுக்க மழுங்கவிட்டு மாலையில் இருபது இழுப்பு இழுப்பதைவிடச் செயினும் நீடிக்கும், கையும் வலிக்காது.

முதலில் அரத்தின் அளவு. செயினுக்குப் பொருந்தாத அரம் பல்லைக் கெடுக்கும். அடுத்தடுத்து உள்ள மூன்று ரிவிட்டுகளின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்து, அதை இரண்டால் வகுத்தால் வருவது செயினின் பிட்ச். மூன்று ரிவிட்டுக்கு 16.5 மி.மீ. வந்தால் அது .325 செயின் (பிட்ச் அங்குலக் கணக்கில்), அதற்கு 4.8 மி.மீ. அரம். 19 மி.மீ.க்குச் சற்று உள்ளே வந்தால் 3/8. இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சிறிய செயின்சாக்களில் வரும் தாழ்வான 3/8 செயினுக்கு 4 மி.மீ. அரம், பெரிய செயின்சாக்களில் வரும் முழு 3/8 செயினுக்கு 5.2 மி.மீ. (சில கம்பெனிச் செயினுக்கு 5.5). பெருமரம் வெட்டும் .404 செயினுக்கு 5.5 மி.மீ. ஸ்டில் கம்பெனிச் செயினில் ஆழமானியின் (பல்லுக்கு முன்னால் உள்ள மேட்டின்) பக்கவாட்டில் ஓர் எண் குத்தியிருக்கும்: 2 என்றால் .325, 3 என்றால் 3/8, 4 என்றால் .404, 6 என்றால் தாழ்வான 3/8. கடையில் அரம் கேட்கும்போது அந்த எண்ணைச் சொன்னால் போதும்.

தீட்டுவதற்குச் செயின்சா ஆடாமல் நிற்க வேண்டும். காட்டில் வைஸ் இல்லையென்றால், புதிதாக வெட்டிய அடிக்கட்டையில் ஒரு சிறு வெட்டுப் போட்டு, இன்ஜினை நிறுத்திவிட்டுப் பாரின் கீழ்விளிம்பை அதில் செருகுங்கள். செயின் பிரேக்கை முன்னுக்குத் தள்ளினால் செயின் அசையாது. அடுத்த பல்லுக்கு நகர்த்தும்போது பின்னுக்கு இழுத்துக்கொள்ளலாம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அரம் வழுக்கினால் விரல் போய் நிற்கும் இடம் அடுத்த பல்.

இருப்பதிலேயே குட்டையான பல்லைத் தேடி மார்க்கர் பேனாவால் புள்ளி வையுங்கள். அங்கிருந்துதான் தொடக்கம், மற்ற பற்கள் எல்லாம் அந்த நீளத்துக்கு வர வேண்டும். பல்லின் மேல்தகட்டில் பெரும்பாலான செயின்களுக்கு 30 பாகைக் கோடு கீறியிருக்கும். அரம் அதற்கு இணையாகப் போக வேண்டும். அரத்தின் விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு, கூடினால் நாலில் ஒரு பங்கு, மேல்தகட்டுக்கு மேலே தெரிய வேண்டும். உள்ளிருந்து வெளியே தள்ளுங்கள். திரும்பி வரும்போது அரத்தைத் தூக்கிவிடுங்கள். முன்னும் பின்னும் தேய்த்தால் பல்லின் முனையும் போகும், அரமும் போகும். ஒரு பக்கத்துப் பற்களை முடித்த பிறகு செயின்சாவைத் திருப்பி மறுபக்கம்.

அரம் பள்ளமாக இறங்கிவிட்டால் பல் கொக்கிபோல் ஆகிவிடும். முதல் பத்து நிமிடம் வெறியோடு வெட்டும், பிறகு முனை உதிர்ந்துவிடும். அரம் மேலே ஏறிவிட்டால் முனை பின்னுக்குச் சாயும். அது மரத்தில் பிடிக்காமல் வழுக்கும். இரண்டையும் விரலால் தடவிக் கண்டுபிடிக்க முடியாது, பக்கவாட்டில் கண்ணை வைத்துப் பார்க்க வேண்டும். வெயிலில் பல்லைத் திருப்பிப் பாருங்கள். முனையில் வெள்ளைக் கோடாக வெளிச்சம் மின்னினால் அந்தப் பல் இன்னும் மழுங்கல்தான். கூரான முனையில் வெளிச்சம் நிற்காது.

வலது கைக்காரர் ஒரு பக்கத்துப் பற்களை நன்றாக அழுத்தியும் மறுபக்கத்தை அரைமனதாகவும் தேய்ப்பது இயல்பு. சில வாரங்களில் ஒரு பக்கத்துப் பல் நீளமாகவும் மறுபக்கம் குட்டையாகவும் ஆகிவிடும். அப்போதுதான் வெட்டு வளையத் தொடங்கும். பாரைக் குற்றம் சொல்லிப் புதுப் பார் வாங்குவதற்கு முன் இரண்டு பக்கத்துப் பல் நீளத்தையும் அளந்து பாருங்கள். (பாரும் காரணமாகலாம். செயின் ஓடும் அதன் இரண்டு விளிம்புகளில் ஒன்று தாழ்ந்திருந்தால் சமதளத்தில் நிமிர்த்தி வைக்கும்போது பார் சாயும்.)

ஆழமானி என்பது பல்லுக்கு முன்னால் நிற்கும் சின்ன மேடு. ஒவ்வொரு பல்லும் எவ்வளவு கனத்துக்குச் சீவ வேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. பல் தேயத் தேய அதன் முனை தாழ்ந்துகொண்டே வரும். மேடு அப்படியே நின்றால் பல் மரத்தைத் தொடாது. "தீட்டியும் மாவுதான் வருது" என்பவர்களின் செயினில் பெரும்பாலும் இதுதான் கோளாறு. நாலைந்து முறை தீட்டியதும் அளவுத் தகட்டை வைத்து, மேலே துருத்திக்கொண்டிருப்பதைத் தட்டை அரத்தால் எடுங்கள். வழக்கமான செயின்களுக்குப் பல் முனைக்கும் மேட்டுக்கும் 0.65 மி.மீ. இடைவெளி போதும், .404 செயினுக்கு 0.8. எடுத்த பிறகு மேட்டின் முன்மூலையை உருட்டிவிடுங்கள்.

இன்னும் வேகம் வேண்டும் என்று கிரைண்டரை வைத்து மேட்டைச் சீவித் தள்ளும் பழக்கம் நம் வட்டாரத்தில் உண்டு. வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு பல்லும் தாங்க முடியாத கனத்தைக் கவ்வும், செயின்சா துள்ளும், கிளட்ச் தேயும், பாரின் மூக்கு மரத்தில் பட்டால் முகத்தை நோக்கி எகிறும். கிரைண்டரில் இன்னொரு கெடுதலும் இருக்கிறது. கொஞ்ச நேரம் கூடுதலாக வைத்தாலே பல் நீலமாகும். நீலம் பாய்ந்த இடத்தில் எஃகு பதம் மாறியிருக்கும். சில நேரம் அரமே அதில் இறங்காமல் வழுக்கும். பட்டணத்துக் கடையில் கொடுத்துத் தீட்டினால், வாங்கும்போது பற்களின் நிறத்தைப் பார்த்து வாங்குங்கள்.

பால்மரத்துக்கே உரிய தொல்லைகள் மூன்று.

முதலாவது கம்பி. பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ 1877இல் கோலகங்சாரில் நட்ட பால்மரங்களில் ஒன்று இன்றும் நிற்கிறது; நூறு வருடம் தாண்டியும் வாழும் மரம் இது. தோட்டத்தில் 25, 30 வருடத்தில் சாய்ப்பது பால் குறைந்துவிடுவதால்தானே தவிர மரம் சாகப்போவதால் இல்லை. அத்தனை வருடம் வெட்டுப்பட்ட பட்டையில் பால் பிடிக்கும் மங்கு மாட்டிய கம்பியும், பால் வடியும் தகரப் பீலியும், எப்போதோ அடித்த ஆணியும் இருக்கும். பட்டை வளர்ந்து அவற்றை விழுங்கியிருக்கும். கம்பி கண்ணுக்குத் தெரியாது. வெட்டுப்பட்ட பக்கம், தரையிலிருந்து நெஞ்சுயரம் வரை, பட்டையில் தடிப்போ கறுப்புக் கறையோ இருக்கும் இடத்தைத் தவிர்த்து வெட்டுங்கள். கம்பி பட்டுவிட்டால் இரண்டு இழுப்பில் தீராது. பல்லின் மேல்தகட்டில் மெல்லிய குரோமியப் பூச்சு உண்டு, கூர்மையைத் தாங்குவது அதுதான். மூலையில் அது உதிர்ந்திருக்கும் தூரம் வரை முழுதாகத் தேய்த்து எடுத்தால்தான் பல் நிற்கும்.

இரண்டாவது மண். மழை தெறித்துத் தெறித்து அடிமரத்தில் முழங்கால் உயரத்துக்கு மணல் ஏறியிருக்கும். பாராங் கத்தியால் வெட்டப்போகும் இடத்தைச் சுற்றிப் பட்டையைச் செதுக்கிவிட்டுப் பிறகு செயின்சாவை வையுங்கள். விழுந்த மரத்தைத் துண்டு போடும்போதும் முழுக்கக் கீழே இறங்காமல், முக்கால் வெட்டியதும் மரத்தை உருட்டி மறுபக்கத்திலிருந்து முடியுங்கள். ஓடும் செயின் ஒரு விநாடி தரையைத் தொட்டால் போதும், நீங்கள் தீட்டியதெல்லாம் வீண்.

மூன்றாவது பால். பச்சை மரத்தின் பால் தூளோடு சேர்ந்து ஸ்ப்ராக்கெட் (செயினைச் சுழற்றும் பல்சக்கரம்) மூடிக்குள்ளும் பாரின் பள்ளத்திலும் உறைந்து ரப்பராகவே ஆகிவிடும். அரைகுறையாக உறைந்திருக்கும்போது இழுத்தால் நாடாபோல் வந்துவிடும். மறுநாள் வரை விட்டால் சுரண்ட வேண்டும். சாயங்காலமே மூடியைக் கழற்றுங்கள். ஒட்டிக்கொண்டதைக் கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்ட துணியால் ஊறவைத்தால் இளகும். பாரின் எண்ணெய்த் துளையை மெல்லிய கம்பியால் குத்தி விடுங்கள்.

எண்ணெய் வருகிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. வெட்டிய மரத்தின் வெள்ளைப் பரப்புக்கு ஒரு சாண் மேலே பாரின் மூக்கைப் பிடித்து அரை வேகத்தில் ஓட்டுங்கள். சில விநாடியில் எண்ணெய்க் கோடு விழ வேண்டும். இன்னொரு அடையாளம்: பெட்ரோல் டாங்கி முடியும்போது செயின் எண்ணெய் டாங்கியும் கிட்டத்தட்ட முடிந்திருக்க வேண்டும். பாதி அப்படியே நிற்கிறதென்றால் எங்கோ அடைப்பு. லோரியிலிருந்து வடித்த பழைய இன்ஜின் எண்ணெயை ஊற்றுவது இங்கே சர்வசாதாரணம். அதில் இரும்புத் தூள் கலந்திருக்கும், செயினில் ஒட்டி நிற்காது, தோலில் படுவது புற்றுநோய்க்கும் வழி. வெட்டும்போது அது சாரலாக உங்கள் கைமேலும் மூக்குக்குள்ளும்தான் போகிறது. எவ்வளவு வெள்ளி சேமித்தாலும் அந்தக் கெடுதலுக்கு ஈடாகாது.

பெட்ரோல் கலவை 50க்கு 1 என்றால் 5 லிட்டருக்கு 100 மில்லி டூ-ஸ்ட்ரோக் எண்ணெய். எண்ணெய் போத்தலில் 25க்கு 1 என்று போட்டிருந்தால் 200 மில்லி. கண்ணளவு வேண்டாம், மருந்துக்கடையில் 100 மில்லி ஊசிக்குழாய் கிடைக்கும், அதில் அளக்கலாம். படகு மோட்டாருக்கான எண்ணெயை ஊற்றாதீர்கள். அந்த மோட்டார் தண்ணீரில் குளிர்வது. காற்றில் குளிரும் செயின்சாவின் சூட்டை அந்த எண்ணெய் தாங்காது. கலந்த தேதியை டின்னில் எழுதி வையுங்கள், ஒரு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள். நம் ஊர் ஈரக்காற்றில் மூடி சரியாக இறுகாத டின்னுக்குள் தண்ணீர் கோத்துக்கொள்ளும். ஊற்றும் முன் குலுக்குங்கள். ஊற்றிய இடத்திலிருந்து மூன்று மீட்டராவது தள்ளிப்போய் ஸ்டார்ட் செய்யுங்கள்.

செயினை இறுக்குவதில் ஒரு விஷயம். சூடாக இருக்கும்போது செயின் நீண்டு தொங்கும், இறுக்கித்தான் ஆக வேண்டும். வேலை முடிந்ததும் மறக்காமல் தளர்த்திவிடுங்கள். குளிர்ந்து சுருங்கும் செயின் பாரையும் கிராங்க் பேரிங்கையும் பிடித்து இழுக்கும்.

இனி, சாய்ப்பதில் கூர்மைக்கு என்ன பங்கு. மரம் விழும் திசையைத் தீர்மானிப்பது வாய்வெட்டும் பின்வெட்டும் சந்திக்காமல் நடுவே வெட்டாமல் விடுகிற மரம், அதாவது கீல். 30 செ.மீ. விட்டமுள்ள பால்மரம் என்றால், விழ வேண்டிய பக்கம் 7, 8 செ.மீ. ஆழத்துக்கு வாய்வெட்டு, 45 பாகைக்குக் குறையாமல் திறப்பு. பின்வெட்டு வாயின் அடிக்கோட்டுக்கு 3 செ.மீ. மேலே. நடுவில் விடும் கீல் 3 செ.மீ., இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே கனம். கோணலாக வெட்டும் செயினால் இந்த ஒரே கனம் கிடைக்காது. பின்வெட்டு வளைந்து போய், கீல் ஒரு பக்கம் 5 செ.மீ., மறுபக்கம் 1 செ.மீ. என்று நிற்கும். மெல்லிய பக்கம் முதலில் அறுந்து, மரம் தடித்த பக்கம் திரும்பி விழும். நீங்கள் தப்பிக்க ஒதுக்கி வைத்த வழி அந்தப் பக்கமாகவே இருக்கலாம்.

வேரடியில் வெண்வேர் நோய் தாக்கிய மரத்தில் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. இலை வெளுத்து உதிர்ந்திருந்தாலோ, அடியைக் கிளறினால் வேரில் வெள்ளைப் பூசண நூல்கள் தெரிந்தாலோ, கீல் தாங்கும் முன்பே வேர் பிடியை விட்டுவிடும். அந்த மரத்தைக் கையால் சாய்க்காமல் கயிறு போட்டோ, இயந்திரம் வைத்தோ இழுங்கள். கட்டையையும் தோண்டி எடுங்கள். விட்டால் அடுத்து நடும் கன்றுக்கும் அந்தப் பூசணம் போகும்.

விழும் பக்கம் நன்றாகச் சாய்ந்திருக்கும் மரம் இன்னோர் ஆபத்து. பின்வெட்டு பாதியில் இருக்கும்போதே அடிமரம் நெடுக்காகப் பிளந்து, பின்பாதி ஆள் முகத்துக்கு நேரே எகிறும். இங்கே மழுங்கல் செயின் கொல்லும், ஏனென்றால் மெதுவாக வெட்டும் ஒவ்வொரு விநாடியும் பிளவுக்கு நேரம் கொடுக்கிறது. சாய்ந்த மரத்தில் பாரின் கீழ்மூக்கால் தொடங்கி நடுவில் ஊடுருவி, கீலை முதலில் அமைத்துக்கொண்டு, பின்னால் கொஞ்சம் மரத்தை மட்டும் வெட்டாமல் விட்டு, கடைசியில் அதை அறுப்பதுதான் முறை. பழகாதவர் அதைத் தனியாகச் செய்து பார்க்கும் இடம் சாய்ந்த மரம் அல்ல. மரம் 20 மீட்டர் உயரம் என்றால் மற்றவர்கள் 40 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். மின்கம்பி அருகே கிளை இருந்தால் முதலில் மின்சாரக் கம்பெனியான தெனாகாவுக்குச் சொல்லுங்கள்.

உடம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். செயின்சாவின் சத்தம் 100 டெசிபலைத் தாண்டும். மலேசியாவின் 2019ஆம் ஆண்டுச் சத்த விதிகளில் எட்டு மணி நேரத்துக்கு எல்லை 85. மூன்று டெசிபல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகும் கணக்கில், 100 டெசிபலில் 15 நிமிடத்தில் அன்றைய பங்கு முடிந்துவிடுகிறது. காதடைப்பான் இல்லாமல் முழுநாள் வெட்டுபவரின் செவி எந்த வயதில் போகும் என்று யோசித்துப் பாருங்கள். மழுங்கிய செயினின் அதிர்வு விரல்களை மரத்துப்போகச் செய்யும். இரவில் விரல் நுனி ஊசி குத்துவதுபோல் இருந்தால் அதை அலட்சியப்படுத்தாதீர்கள், மருத்துவரிடம் தொழிலையும் சேர்த்துச் சொல்லுங்கள். நம் வெயிலில் முழுப் பாதுகாப்புக் கால்சட்டை தாங்காது என்பது நியாயம்தான். முன்பக்கம் மட்டும் மூடும் கால்கவசம் கட்டலாம். அதற்குள் இருக்கும் நீள இழைகள் செயினில் சிக்கி ஸ்ப்ராக்கெட்டை நிறுத்திவிடும். ஒருமுறை வெட்டுப்பட்ட கவசத்தைத் தைத்துப் போடாதீர்கள். அந்த இடத்தில் இழை இனி வேலை செய்யாது.

சாய்த்த பால்மரத்தைக் காட்டில் போட்டுவைக்கக் கூடாது. இரண்டு மூன்று நாளிலேயே நீலப்பூசணமும் துளைக்கும் வண்டும் உள்ளே போகத் தொடங்கும், ஆலையில் விலை குறையும். லோரி வரும் நாளைக் கேட்டுக்கொண்டுதான் மரத்தில் செயின்சாவை வைக்க வேண்டும். மழை பெய்து லோரி உள்ளே வர முடியாத பாதை என்றால், வெட்டுவதைத் தள்ளிப்போடுவதே லாபம்.

செம்பனை வேறு கதை. அதன் தண்டு மரமே இல்லை. ஈரமான நார்க்கட்டு, நாருக்குள் மணலின் அதே சிலிக்கா. புதுக் கூர்மை ஒரு தண்டுக்குள் போய்விடும். நார் ஸ்ப்ராக்கெட்டைச் சுற்றி இறுகிக்கொள்ளும், அதைக் கவனிக்காமல் ஓட்டினால் கிளட்ச் சூடேறி எண்ணெய் பம்ப் வரை கெடும். இரண்டு தண்டுக்கு ஒருமுறை இன்ஜினை நிறுத்தி, மூடியைக் கழற்றி நாரை எடுங்கள். பால்மரத்துக்கு வைத்திருக்கும் நல்ல செயினைச் செம்பனைக்கு ஓட்டாதீர்கள். பல்லின் பின்சரிவில் கீறியிருக்கும் தேய்மானக் கோட்டை நெருங்கிவிட்ட பழைய செயின் ஒன்றை அதற்கென்று தனியாக மாட்டுங்கள். கோட்டைத் தாண்டியதைத் தூக்கிப் போடுங்கள், எதற்கும் மாட்டாதீர்கள். செயின் மாற்றும் ஒவ்வொரு முறையும் பாரைத் தலைகீழாகத் திருப்பிப் போடுங்கள். இரண்டு செயின் முழுதாகத் தேய்ந்தால் ஸ்ப்ராக்கெட்டும் தேய்ந்திருக்கும். மூன்றாவது செயினை வாங்கும்போது அதையும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.